படத்தில் வராத மனைவி

அந்த நடுநிலைப் பள்ளியில் சிறுகதை நடத்துவது ரொம்பச் சுலபமான வேலை. வாத்தியார் கதையை ஒரு தடவை வேகமாக வாசிப்பார். பிறகு கதையின் கீழே இருக்கும் கேள்விகளுக்குப் பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். கடைசிக் கேள்வி எப்போதும் 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்பதாகவே இருக்கும். பதில் நேர்மை, உழைப்பு, சுத்தம் இவற்றில் ஏதாவது ஒன்று. எந்தக் கதைக்கு எந்தப் பதில் என்று மாறிப் போனாலும் யாரும் மதிப்பெண் குறைத்ததில்லை. இப்படியே பல வருஷங்களாகப் பிள்ளைகள் எந்தக் கதையாலும் எந்தச் சேதமும் அடையாமல் அந்தப் பள்ளியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு வாத்தியாரின் தொண்டை.

ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுத்தவர் அவர். எதைச் சொல்வதற்கு முன்னாலும் 'அதாவது' என்று ஓர் இழுப்பு இழுப்பார். அதனால் பிள்ளைகள் அவருக்கு 'அதாவது சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கெட்ட மனிதர் இல்லை. பெரிய புத்திசாலி என்றும் சொல்வதற்கில்லை. படம் வரைய அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. ஒருமுறை கரும்பலகையில் காகம் வரையப் போய் அது கூஜாவில் முடிந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு தண்ணி பத்தின பாடமா சார்?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் சாக்கட்டியை எழுத மட்டும்தான் பயன்படுத்தினார்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையில் எழுந்தபோது 'அதாவது'கூட வரவில்லை. விடுப்பு எடுக்கலாம் என்றால், விடுப்பு எடுப்பவர் தனக்குப் பதில் ஆளைத் தானே பேசி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது பள்ளி விதி. பேசுவதற்குக் குரல் வேண்டும். ஆகவே பள்ளிக்கே போனார். கரும்பலகையில் எழுதினார்: 'பாடம் ஆறு. கதையை மனத்துக்குள் வாசிக்கவும். பிறகு அதைப் படமாக வரையவும். பேசக் கூடாது.' பிள்ளைகள் ஒரு பாடவேளை முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. மற்றபடி இதில் எந்தக் கல்விக் கொள்கையும் கிடையாது.

பாடம் ஆறு ரொம்பச் சின்னக் கதை. ஒரு தொழிற்சாலைக் காவலாளி. ஆலையை மூடிப் பல நாள் ஆகிவிட்டது. அவன் அதை வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய், பூட்டிய வாசலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்புவான். ஒருநாள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டான். மனைவி அதை எடுத்துக்கொண்டு போகிறாள். தெருமுனையில் நின்று பார்க்கிறாள். பூட்டும் அவனும் தெரிகிறார்கள். அப்படியே திரும்பி வந்துவிடுகிறாள். சாயங்காலம், "சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்கிறாள். "முதலாளி வீட்டுலேருந்து கொடுத்தனுப்பினாங்க" என்கிறான். "நல்லதாப் போச்சு" என்கிறாள். அவ்வளவுதான் கதை. பாடநூல் வழிகாட்டியின்படி இது உணர்த்தும் நீதி, பொருள்களை மறவாமை.

பிள்ளைகள் வாசித்தார்கள். வரைந்தார்கள். பேசக் கூடாது என்றால் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பார்கள்? முதல் பெஞ்சில் ஒருவன் பெரிய வீடு ஒன்றை வரைந்து, அங்கிருந்து தட்டுத் தட்டாகச் சாப்பாடு வருவதைப் போட்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

"டேய், அது பொய்டா."

"கதையில போட்டிருக்குல்ல?"

"போட்டிருந்தா? அவரு சும்மா சொல்றாரு, பொண்டாட்டிகிட்ட."

"அவங்கதான் நேர்ல பார்த்துட்டாங்களே."

"ஆமா."

"அப்ப எதுக்கு நல்லதாப் போச்சுன்னாங்க?"

பக்கத்தில் இருந்தவன் கதையை மறுபடி புரட்டினான். அதே பெஞ்சின் கோடியில் இருந்தவன் திரும்பினான். பின்னால் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அவருக்கு அசிங்கமா இருக்கும்ல, அதான்" என்று ஒருத்தி சொன்னாள். வகுப்பு கொஞ்ச நேரம் அதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாத்தியாரின் இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு வகுப்பு தானாக ஒரு கேள்வி கேட்டு, தானாக யோசித்து அவர் பார்த்ததில்லை. குரல் மட்டும் இருந்திருந்தால் 'அதாவது' என்று ஆரம்பித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பார்.

எழுந்து பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசி பெஞ்சில் உம்முவிடம் வந்து நின்றார். எந்த வாத்தியார் எதைக் கேட்டாலும் 'உம்' என்பதற்கு மேல் வராது என்பதால் அந்தப் பெண்ணுக்கு உம்மு என்று பெயர். எழுத்துக்கடியில் விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பாள். தேர்வில் விடைத்தாளைப் பாதி வெள்ளையாகவே கொடுப்பாள். மக்கு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டியிருந்தார்கள். இந்த வருஷக் கடைசியில் அவள் மலரும் பிரிவுக்குப் போக வேண்டியவள்.

மலரும் பிரிவு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'புரிதல்' தேர்வில் தேறாத பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்கு அனுப்பாமல், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையை ஒட்டிய அறைக்கு அனுப்புவார்கள். அங்கே பாடப்புத்தகம் கிடையாது. காகித உறை ஒட்டக் கற்றுக்கொடுப்பார்கள். கதவில் ஒரு பூப் படம் ஒட்டியிருக்கும். அங்கே போய் மலர்ந்து வெளியே வந்த பிள்ளை என்று இதுவரை யாரும் இல்லை.

உம்முவின் காகிதத்தில், ரொம்பத் தூரத்தில், ஒரு வாசல். பெரிய பூட்டு. அதற்கு முன்னால் ஸ்டூலில் கடுகு போல ஒரு மனிதன், தோளைக் குறுக்கிக்கொண்டு. காகிதத்தின் ஓரத்தில் ஒரு சுவரின் மூலை. கீழே, காகிதத்தின் விளிம்பில், ஒரு டிபன் பாக்ஸின் மூடி மட்டும் இத்தனை பெரிதாக. வேறு எதுவும் இல்லை.

"அவன் பொண்டாட்டி எங்கம்மா?" என்று வாத்தியார் காற்றுக் குரலில் கேட்டார்.

உம்மு பென்சிலைப் பார்த்தாள். வாத்தியார் நகர்ந்துவிடுவார் என்று காத்திருந்தாள். நகரவில்லை.

"அவங்கதான் சார் பார்க்கிறாங்க."

"எங்கேருந்து?"

"இங்கேருந்து." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "நாம இப்பப் பார்க்கிறோம்ல சார். அந்த இடத்துலதான் அவங்க நிக்கிறாங்க."

வாத்தியார் காகிதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். டிபன் பாக்ஸின் மூடி சரியாக அவர் கைகளுக்கு நடுவே வந்தது. தூரத்தில் அந்த ஆள் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். வாத்தியாருக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்தக் கதையை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறார். அந்தத் தெருமுனையில் போய் அவர் ஒருநாளும் நின்றதில்லை.

தொண்டை சரியாக ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் வாசித்து வரைந்தார்கள். உம்மு ஒருநாள் பக்கத்துப் பெண்ணிடம் சண்டையே போட்டாள், ஒரு கதையில் நாய் திரும்பி வருமா வராதா என்று. இதெல்லாம் இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வாரக் கடைசியில் ஆய்வாளர் வந்துவிட்டார்.

ஆய்வாளர் வகுப்பு வாசலில் நின்றார். கூட்டம் கூட்டமாய்ப் பிள்ளைகள் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். பென்சில் உரசும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அவர் தன் உத்தியோகக் காலத்தில் இப்படியோர் அமைதியைக் கண்டவரில்லை.

"இது என்ன முறை?" என்றார்.

வாத்தியார் வாயைத் திறந்தார். காற்று வந்தது. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை, அந்த நிமிஷம்வரை அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர், சட்டென்று சொன்னார்: "சித்திர வழிப் புரிதல் சார். நம்ம பள்ளியில ரொம்ப நாளா நடக்குது."

"வாத்தியாரும் பேச மாட்டேங்கிறாரே."

"அதுதான் சார் முறையே."

ஆய்வாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுவாரமே இயக்குநரகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

கல்வி இயக்குநர் நன்றாகப் பேசக்கூடியவர். அவர் மேசை மேல் பெரிய ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் கையில் எடுத்தால் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"ஒரு பிள்ளை கதையைப் புரிஞ்சுக்கிச்சான்னு நமக்கு இதுவரைக்கும் எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்தார். "பிள்ளை சொல்லும். பிள்ளை சொல்றதை எப்படி நம்புறது? இல்லைன்னா வாத்தியார் சொல்வார். அதை எப்படி நம்புறது? நான் பதவிக்கு வந்ததுலேருந்து இந்தப் புரிதல்ங்கிறது எனக்கு ஒரு தலைவலி. கண்ணுக்குத் தெரியாது, கையில பிடிக்க முடியாது. இப்ப படம் வந்துடுச்சு. படத்தை அளக்கலாம்." ஸ்கேலைத் தட்டினார். "அளக்க முடியாத எதுவும் இனிமே நம்ம பள்ளிகள்ல நடக்காது."

எல்லோரும் கை தட்டினார்கள். வாத்தியாரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

'சித்திரச் சிறுகதைப் புரிதல் பேரியக்கம்' தொடங்கியது. அதற்கு ஒரு குழு. குழுவில் கணக்குத் தணிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர், கட்டடப் பொறியாளர் ஒருவர். மொழி ஆசிரியரோ ஓவிய ஆசிரியரோ வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, "அவங்களுக்குக் கதை மேல, படம் மேலன்னு ஏற்கெனவே ஒரு பிரியம் இருக்கும். பாரபட்சம் வந்துடும்" என்றார் இயக்குநர்.

குழு கூடிக் கூடிப் பேசி விதிகளை வகுத்தது. கதையில் எத்தனை பாத்திரமோ படத்திலும் அத்தனை இருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரமும் காகிதத்தின் பாதி உயரத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். முகம் முன்பக்கம் பார்க்க வேண்டும்; முதுகு காட்டுவது மரியாதைக்குறைவு. துக்கத்துக்கு நீலம், மகிழ்ச்சிக்கு மஞ்சள். பாடம் ஆறில் துக்கம் என்ற சொல் ஓர் இடத்திலும் வரவில்லை என்று தணிக்கையாளர் வரி வரியாகப் பார்த்து உறுதிசெய்ததால், அந்தக் கதைக்கு நீலம் தடைசெய்யப்பட்டது. வானம் என்ன செய்வது என்று ஒரு குழப்பம் வந்தது. வானத்துக்கும் மஞ்சளே என்று தீர்ந்தது.

விதிகள் மட்டும் போதாது, மாதிரிப் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். அதை வரையும் வேலை, வெளிப்படையான போட்டியின் மூலம், இயக்குநரின் மைத்துனருக்குக் கிடைத்தது. அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். கைநிறைய வேலை. கதை வாசிக்க நேரமில்லை. குழுவுக்குப் போன் போட்டார். முறையைக் கண்டுபிடித்தவர் என்று அழைக்கப்பட்டிருந்த வாத்தியாரும் அப்போது அந்த அறையில்தான் இருந்தார்.

"எத்தனை பேரு?" என்று மைத்துனர் கேட்டார்.

"ரெண்டு பேரு" என்றார் நில அளவையாளர்.

"ஆணா, பொண்ணா?"

"ஒண்ணு ஆண், ஒண்ணு பொண்ணு. நடுவுல ஒரு டிபன் பாக்ஸ்."

"சாயங்காலம் கொடுத்துடறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

சொன்னபடி கொடுத்துவிட்டார். ஓர் ஆணும் பெண்ணும் முன்பக்கம் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்கள். நடுவே டிபன் பாக்ஸ், பந்தயத்தில் ஜெயித்த கோப்பை மாதிரி. பின்னால் ஆலை. புகைபோக்கியிலிருந்து மஞ்சள் வானத்தில் புகை போய்க்கொண்டிருந்தது. வாசல் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தது.

வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அதாவது... கதையில ஆலையை மூடிடறாங்க சார். பூட்டித்தான் இருக்கும்."

இயக்குநர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "வாத்தியாரே, மூடின ஆலையைப் பள்ளிக்கூடச் சுவர்ல மாட்டி வெச்சா நாலு பேரு என்ன கேப்பான்? ஏன் மூடினாங்கன்னு கேப்பான். நமக்கு எதுக்கு? தெறந்தே இருக்கட்டும். பிள்ளைங்க மனசும் விரியும்."

பிறகு பயிற்சி முகாம். ஊரில் உள்ள மொழி ஆசிரியர்கள் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் அடைத்தார்கள். முதல் நாள், பென்சிலின் வரலாறு. இரண்டாம் நாள், அழிப்பானை இடமிருந்து வலமாக மட்டுமே தேய்ப்பது. கடைசி நாள் தேர்வு. வேறொரு பள்ளியிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியர் நிஜமாகவே நன்றாக வரைபவர். அவர் படத்தில் அந்தக் காவலாளி அப்படியே உயிரோடு உட்கார்ந்திருந்தான். அவர் தேறவில்லை. 'மாதிரியிலிருந்து விலகல்' என்று எழுதிவிட்டார்கள். காகத்தைக் கூஜாவாக்கிய நம்முடைய வாத்தியார் மாதிரிப் படத்தின் மேல் காகிதத்தை வைத்து நகல் எடுத்தார். அவருக்கு முழு மதிப்பெண். 'முன்னோடி ஆசிரியர்' என்று ஒரு பட்டையைச் சட்டையில் குத்தி அனுப்பினார்கள்.

பள்ளிக்குத் திரும்பியபோது அவருக்கு முன்பாகவே மாதிரிப் படங்கள் வந்து சேர்ந்திருந்தன. கொஞ்ச நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைமையாசிரியை அதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தார்: "கதையை வாசித்த மாணவர்களின் படங்கள் மாதிரிப் படத்திலிருந்து பெருமளவு விலகுவது ஆய்வில் தெரியவந்துள்ளது. கதையை வாசிக்காத மாணவர்களிடம் இந்த விலகல் காணப்படவில்லை. எனவே மாணவர் நலன் கருதி, சிறுகதைகளின் பனுவல் பாடநூலிலிருந்து நீக்கப்படுகிறது. படங்கள் மட்டும் தொடரும்."

"நல்லதுதானே," என்றார் கணக்கு டீச்சர். "புத்தகம் கனம் குறையும்."

பழைய பாடநூல்களைக் கட்டிக் கட்டிக் கூழாக்க அனுப்பினார்கள். வாத்தியார் ஒன்றை மட்டும் அலமாரியில் வரைபடச் சுருள்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

முன்தேர்வில் உம்மு பழைய படத்தையே வரைந்தாள். அது அவளுக்கு மனத்தில் நின்றுவிட்டது. திருத்த வந்த குழு அதில் ஸ்கேலை வைத்தது. பாத்திரம் ஒன்று குறைவு. இருக்கும் ஒன்றும் உரிய உயரம் இல்லை, முகமும் காட்டவில்லை. வாசல் மூடியுள்ளது. டிபன் பாக்ஸ் அளவு மீறியது. பூஜ்யம். கீழே சிவப்பில், 'மலரும் பிரிவுக்குப் பரிந்துரை'.

இரண்டு நாள் கழித்து உம்முவின் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் விரிப்புகள் வெளுக்கும் வேலை அவளுக்கு. ப்ளீச்சிங் பவுடரில் கை வெந்து விரல் நுனிகள் வெளிறிப்போயிருந்தன. வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசினாள்.

"சார், அவ அந்தக் கதையை வீட்டுல எனக்குச் சொன்னா சார். டிபன் பாக்ஸ் கதை. பள்ளிக்கூடத்துல நடந்ததுன்னு அவ வாயத் தொறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. நான் துணி மடிச்சுக்கிட்டே கேட்டேன். கேட்டுட்டு மடிக்கிறதை நிறுத்திட்டேன்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "புரியலைன்னு போட்டிருக்காங்களே சார். புரியாமலா எனக்குச் சொன்னா?"

"புரிஞ்சுதும்மா. அவளுக்குத்தான் புரிஞ்சுது."

"அப்ப நீங்க சொல்லுங்க சார். அந்த மலர்ற ரூமைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஜன்னல்கூட இல்லை. அங்க போட்டுட்டாங்கன்னா அவ மறுபடியும் வாயை மூடிக்குவா. அப்புறம் தொறக்க மாட்டா."

வாத்தியார் சொல்கிறேன் என்றார். உம்முவின் படத்தைப் பத்திரமாகக் கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு, முன்னோடி ஆசிரியர் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, இயக்குநரைப் பார்க்கப் போனார். பட்டை இருந்ததால் உள்ளே விட்டார்கள்.

இயக்குநர் படத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"மனைவி எங்கே?"

"அதாவது சார், மனைவியோட இடத்துலேருந்துதான் படமே போட்டிருக்கா. படத்தைப் பார்க்கிற நாமதான் சார் மனைவி."

"நாமன்னா?"

"நீங்க, நான்... யாரு பார்க்கிறாங்களோ அவங்க."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் எப்படிய்யா ஒரு வாட்ச்மேனுக்கு மனைவி ஆவேன்?"

"அப்படி இல்ல சார். அவளா இருந்து பார்க்கணும்னு..."

"நான் எதுக்குப் பார்க்கணும்? நான் இயக்குநர். எனக்குக் கீழ எத்தனை பள்ளி இருக்கு. ஒவ்வொரு கதையிலயும் போய் நான் யாரா இருக்கணும்னு ஒரு பிள்ளை சொல்லுமா? நாளைக்கு இன்னொரு பிள்ளை என்னைத் திருடனாக்கும்." ஸ்கேலை எடுத்துக்கொண்டார். "கேளுங்க வாத்தியாரே. கதைங்கிறது அங்க நடக்கணும். நாம இங்க இருக்கணும். அது நம்ம பக்கம் வந்துடாம இருக்கத்தான் இந்த இயக்கம், இந்த விதி, இந்தச் செலவு எல்லாம். அந்தப் பொண்ணுக்கு நான் விரோதி இல்ல. இறுதித் தேர்வு இருக்கு. மனைவியைப் போடச் சொல்லுங்க. போட்டா எட்டாங்கிளாஸ். போடலைன்னா பூப் படம்."

வெளியே வந்து வாத்தியார் பஸ்ஸுக்கு நின்றார். கோபம் வந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இயக்குநர் மேல் கோபப்பட்டால் உத்தியோகம் போகும். அது போனால்கூட உம்முவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை; அவள் கொட்டகைக்குத்தான் போவாள். பஸ் வந்தபோது அவர் தீர்மானித்திருந்தார். அவர் மாதிரி மனிதர்கள் வழக்கமாக எதைத் தீர்மானிப்பார்களோ அதைத்தான்.

மறுநாள் மணி அடித்த பிறகு உம்முவை இருக்கச் சொன்னார். மாதிரிப் படத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"தேர்வுல இதைப் போட்டுடும்மா. அப்படியே. நிமிர்ந்து நிக்கணும், சிரிக்கணும். வாசல் தெறந்திருக்கணும்."

உம்மு படத்தைப் பார்த்தாள். "இவங்க ரெண்டு பேரும் யாரு சார்?"

"அதே ரெண்டு பேருதான். வாட்ச்மேனும் மனைவியும்."

"இங்க எதுக்கு சார் அவங்க நிக்கிறாங்க? அவரு பார்த்துடுவாரே."

"பார்க்கட்டுமே. பார்த்தா என்ன?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கதையை அவளுக்குக் கொடுத்தவரே இப்படிக் கேட்கிறாரே என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "பார்த்துட்டா, நாளைக்கு அவரு அங்க போய் உட்கார முடியாதே சார்."

"அதாவது..." என்றார் வாத்தியார். மேலே வரவில்லை. தொண்டைக்கு இப்போது ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து மாதிரிப் படத்தின் மேல் வைத்து, ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். "அம்மா ரொம்பக் கஷ்டப்படறாங்கம்மா. வரைஞ்சுடு" என்றார்.

உம்மு வரைந்தாள். முதலில் மனைவியின் பற்களை.

இறுதித் தேர்வில் அவளுக்கு முழு மதிப்பெண். குழு ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் எங்கேயும் ஒரு மயிரிழைகூட விலகவில்லை. எட்டாம் வகுப்புக்குத் தேறிவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். பேரியக்கத்தின் வெற்றி விழாவுக்கு ஓர் அத்தாட்சி தேவைப்பட்டது.

விழா மேடையில் உம்முவின் இரண்டு படங்களையும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். இயக்குநர் ஸ்கேலோடு மேடைக்கு வந்தார்.

"இது நம்ம இயக்கத்துக்கு முன்னாடி" என்று முதல் படத்தைத் தொட்டார். "பாருங்க. இருட்டு. பூட்டு. ஒரு மனுஷன் தனியாக் கிடக்கான். பெண் பாத்திரமே கிடையாது. பெண்களை மறந்துடற சமுதாயமாவா நம்ம பிள்ளைங்க வளரணும்?" கூட்டம் 'ச்சொ' கொட்டியது. "இது பின்னாடி. ஆலை ஓடுது. குடும்பம் சிரிக்குது. இந்தப் பெண் மக்குன்னு ஒதுக்கப்பட்டவ. ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாம இருந்தவ. இன்னைக்கு எண்ணுறா. இதைவிட ஒரு புரிதல் வேணுமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. உம்முவுக்கு வண்ணப் பென்சில் பெட்டி கொடுத்தார்கள், நீலம் மட்டும் எடுத்துவிட்டு. அவளுடைய அம்மா கடைசி வரிசையில் நின்று வெளிறிய கைகளால் தட்டிக்கொண்டே இருந்தாள். மகள் தப்பித்துவிட்டாள் என்று அவள் நம்பியதில் தப்பில்லை. வாத்தியாருக்குக் கேடயம். அதில் மாதிரிப் படத்தைச் செதுக்கியிருந்தார்கள்.

வாத்தியாரின் மனைவி அன்று சாயங்காலம் கேடயத்தை வாங்கிப் பார்த்தாள். தபால் ஆபீஸில் கவுன்ட்டரில் உட்கார்ந்து பலவிதமான முகங்களைப் பார்த்தவள்.

"இந்தப் பொம்பளை ஏங்க இப்படிச் சிரிக்கிறா?"

"புருஷனுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போறா."

"அதுக்கு யாராவது இப்படிச் சிரிப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, கேடயத்தை ஷூ வைக்கும் அலமாரி மேல் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். வாத்தியார் அதைத் திருப்பி வைக்கவில்லை.

புது வருஷம் வாத்தியாரை எட்டாம் வகுப்புக்கு மாற்றினார்கள். உம்முவும் அங்கேதான். விடுமுறை முழுக்க அவர் மனத்தில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது: எப்படியும் பிள்ளையை எட்டாம் வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டோம், இனி அவளுக்கு ஒரு கதையாவது ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும். விலையைக் கொடுத்துவிட்டோம், பொருளையாவது வாங்குவோம் என்ற கணக்கு. முதல் வாரக் கடைசியில், தலைமையாசிரியை கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மதியம், அலமாரியிலிருந்து வரைபடச் சுருள்களைத் தள்ளிவிட்டு அந்தப் பழைய பாடநூலை எடுத்தார். வகுப்புக் கதவைச் சாத்தினார்.

"அதாவது," என்றார், "இன்னைக்கு மாதிரிப் படம் எதுவும் கிடையாது. ஒரு கதை வாசிக்கப் போறேன். கேளுங்க. யாருக்கு என்ன தோணுதோ அதை வரையுங்க. எப்படி வேணும்னாலும். யாரும் அளக்க மாட்டாங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் பாடம் ஒன்பதைப் புரட்டி எடுத்தார். நல்ல கதை. அவருக்கே இப்போதுதான் அது நல்ல கதை என்று தெரியும். முதல் வரியை வாசிக்க மூச்சை இழுத்தபோது, கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

உம்மு. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் தானாகக் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை. வாத்தியார் புத்தகத்தைத் தாழ்த்தினார். பரவாயில்லை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று நினைத்தார்.

"சொல்லும்மா," என்றார். "தைரியமாக் கேளு."

"இதுல எத்தனை பேரு சார்?"

வாத்தியார் புத்தகத்தைப் பார்த்தார். எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. "மூணு பேரும்மா."

"ஆணா, பொண்ணா?"

"ரெண்டு ஆண். ஒரு பொண்ணு."

"உம்" என்றாள் உம்மு. வண்ணப் பென்சில் பெட்டியைத் திறந்து மஞ்சளை எடுத்தாள். காகிதத்தில் ஸ்கேலை வைத்துப் பாதி உயரத்துக்கு ஒரு புள்ளி குறித்துக்கொண்டு, குனிந்து வரைய ஆரம்பித்தாள். பக்கத்துப் பிள்ளைகளும் ஸ்கேலை எடுத்தார்கள். வகுப்பில் சத்தமே இல்லை. வாத்தியார் இன்னும் முதல் வரியை வாசிக்கவில்லை.